ரோவர் எஸ்டி1: அமெரிக்காவில் முகம் மாறியது, மெட்ராஸில் இன்ஜின் மாறியது

கேட்டிருந்த கேள்வி இது: எண்பதுகளில் மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்ட் 2000, பிரிட்டனின் ரோவர் எஸ்டி1 தானா? அங்கே அவ்வளவு பேர் பெற்ற கார் மற்ற நாடுகளில் ஏன் எடுபடவில்லை?

முதல் பாதிக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். உடம்பு அதேதான், இன்ஜின் வேறு. இரண்டாவது பாதிக்குத்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், "ரோவரின் தாய்க் கம்பெனியான பிரிட்டிஷ் லேலண்ட் ஒழுங்காகக் கார் செய்யவில்லை" என்பது. அது பொய்யில்லை, ஆனால் முழுக் காரணமும் இல்லை. என் கணக்கில், இந்தக் கார் எடுபட்டதும் படாததும் அந்தந்த ஊருக்கு எதைக் கழற்றிவிட்டு அனுப்பினார்கள் என்பதைப் பொறுத்தது.

முதலில் பிறந்த கதை. எழுபதுகளின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் லேலண்ட் என்ற ஒரே கூரைக்குக் கீழே ரோவர் பி6, டிரையம்ஃப் 2000 என்று இரண்டு பெரிய கார்கள் ஒரே வாடிக்கையாளருக்காகப் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் பதிலாக ஒரே கார் செய்வது என்று முடிவானது. அந்த நிறுவனத்தின் 'ஸ்பெஷலிஸ்ட் டிவிஷன்' எடுத்த முதல் திட்டம் என்பதால் எஸ்டி1. 1976 ஜூன் 30 அன்று ரோவர் 3500 என்ற பெயரில் வெளிவந்தது. வடிவமைத்தவர் டேவிட் பாஷ், பொறியியல் பக்கம் ஸ்பென் கிங். ரேஞ்ச் ரோவருக்குப் பின்னால் இருந்ததும் இதே இரண்டு பேர்தான்.

பாஷுக்கு ஃபெராரி டேடோனா மேல் ஒரு கண். முன்பக்கத்து நீள மூக்கையும், பக்கவாட்டில் ஓடும் அந்த வரியையும் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் இது ஐந்து கதவு வைத்த குடும்பக் கார், பின்கதவு பின்கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கிக்கொள்ளும். வால்நட் மரப்பலகையும் தோல் இருக்கையும் எதிர்பார்த்து வந்த பழைய ரோவர் வாடிக்கையாளர்கள், உள்ளே பிளாஸ்டிக் டேஷ்போர்டைப் பார்த்து முகம் சுளித்தார்கள். ஸ்பென் கிங் தன் பங்குக்கு இன்னொன்றைச் செய்தார். பி6-ல் இருந்த சிக்கலான டி டியான் பின் சஸ்பென்ஷனையும் பின் டிஸ்க் பிரேக்கையும் தூக்கிவிட்டு, சாதாரண லைவ் ஆக்சிலும் டிரம் பிரேக்கும் போட்டார். காகிதத்தில் பார்த்தால் இது பின்னோக்கிய அடி. ஓட்டிப் பார்த்தவர்கள் பெரிதாகக் குறை சொல்லவில்லை. 1977-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதும் இதற்கே கிடைத்தது.

இப்போது இன்ஜின். இந்தக் காரின் உயிரே அதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 3,528 சிசி, வி8, பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். இது பிரிட்டன்காரர்கள் வடிவமைத்ததே இல்லை. 1961-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் சிறிய பியூக், ஓல்ட்ஸ்மொபீல், போன்டியாக் கார்களுக்காகச் செய்த 215 கன அங்குல இன்ஜின் இது. அலுமினிய வார்ப்பில் தொல்லையும் செலவும் அதிகம், அமெரிக்காவில் இரும்பு மலிவு என்று மூன்றே ஆண்டில் கைவிட்டுவிட்டார்கள். அந்த நேரத்தில் ரோவரின் நிர்வாக இயக்குநர் வில்லியம் மார்ட்டின் ஹர்ஸ்ட், வேறு ஒரு வியாபாரம் பேச அமெரிக்காவின் மெர்குரி மரைன் படகு இன்ஜின் நிறுவனத்துக்குப் போயிருந்தார். அங்கே ஒரு மூலையில் கிடந்த பியூக் இன்ஜின் அவர் கண்ணில் பட்டது. எடை சுமார் 145 கிலோதான், ரோவரின் நான்கு சிலிண்டர் இன்ஜினிருந்த இடத்திலேயே உட்காரும். விடாமல் துரத்தி 1965 ஜனவரியில் உரிமம் வாங்கினார். ஓய்வு பெறும் நிலையில் இருந்த பியூக் பொறியாளர் ஜோ டர்லேயையும் இங்கிலாந்துக்கு அழைத்துக்கொண்டார்.

1967-ல் பி5பி, 1968-ல் பி6 3500, 1970-ல் ரேஞ்ச் ரோவர் என்று அந்த இன்ஜின் ஊன்றிக்கொண்டது. எஸ்டி1-ல் அது 155 குதிரைத்திறன் தந்தது, கார் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தொட்டது. ஐந்து கியர், மெல்லிய உறுமல், அவசரமே இல்லாத வேகம். இதே வேகத்துக்கு ஜெர்மன்காரர்கள் கணிசமாக அதிக விலை கேட்டார்கள். பிரிட்டிஷ் போலீஸ் நெடுஞ்சாலை ரோந்துக்கு இதை விரும்பி வாங்கியதில் ஆச்சரியம் இல்லை. 1987 மே மாதம் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்திலிருந்து லண்டன் மருத்துவமனை ஒன்றுக்கு மாற்று அறுவைக்கான கல்லீரலை அரை மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்ததும் லண்டன் போலீஸின் எஸ்டி1 கார்தான். அப்போது இந்தக் காரின் தயாரிப்பே நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது.

வெளிநாட்டு விற்பனை முதல் நாளிலிருந்தே கணக்கில் இருந்தது. அதற்குச் சாட்சி டேஷ்போர்டு. மீட்டர்கள் எல்லாம் தனிப் பெட்டியாக மேலே உட்கார்ந்திருக்கும், தட்டையான பலகைமேல் வலது பக்கமும் வைக்கலாம், இடது பக்கமும் வைக்கலாம். பயணி பக்கம் நேராக முகத்தைப் பார்த்து ஒரு காற்றுத் துவாரம் இருக்கிறதே, அது இடது ஸ்டீயரிங் காரில் ஸ்டீயரிங் தண்டு வரும் ஓட்டை. ஒரே அச்சு, இரண்டு சந்தை. இவ்வளவு யோசித்தவர்கள் பெயின்ட் உரியாமல் இருக்க யோசிக்கவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இங்கிலாந்தின் சோலிஹல்லில் இந்தக் காருக்காகவே பெரிய புது ஆலை கட்டினார்கள். 1975-ல் கம்பெனியே அரசின் கைக்குப் போயிருந்தது, வேலைநிறுத்தம் ஓயவில்லை, உதிரிபாகம் நேரத்துக்கு வரவில்லை. பெயின்ட் உரிந்தது, கதவு ஒழுங்காகப் பொருந்தவில்லை, மின்சாமான்கள் படுத்தின. 1977-ல் வந்த 2300, 2600 மாடல்களின் ஆறு சிலிண்டர் இன்ஜின் டிரையம்ஃப் பக்கத்தில் உருவானது. அதில் கேம்ஷாஃப்டுக்கு எண்ணெய் ஏறும் வழியில் ஒரு சின்ன வால்வு உண்டு. எண்ணெயைக் காலத்தில் மாற்றாவிட்டால் அது அடைத்துக்கொள்ளும், அப்புறம் கேம்ஷாஃப்ட் இறுகிப்போகும். கார் நன்றாக இல்லை என்று யாரும் திருப்பித் தரவில்லை, நன்றாகச் செய்யப்படவில்லை என்றுதான் தந்தார்கள். கடைசியில் அந்தப் பெரிய ஆலையை மூடிவிட்டு, 1982 வாக்கில் தயாரிப்பை ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் கவுலிக்கு மாற்றினார்கள். தரம் ஓரளவு தேறியதும் அதற்குப் பிறகுதான்.

ஐரோப்பாவில் சிக்கல் வேறு மாதிரி. இத்தாலி போன்ற நாடுகளில் 2,000 சிசியைத் தாண்டினால் வரி எகிறும், டீசலுக்கு மவுசு அதிகம். அதனால் 1982-ல் திருத்தி வந்த காரில் 2 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒன்றும், இத்தாலியின் விஎம் நிறுவனத்திடம் வாங்கிய 2.4 லிட்டர் டர்போ டீசல் ஒன்றும் சேர்ந்தன. அந்த 2 லிட்டர் சுமார் 100 குதிரைத்திறன்தான் தரும். சுமாரான கார். இருந்தாலும் மேலே வி8 ஒன்று விலைப்பட்டியலில் இருந்தது, அதன் பெயரில் கீழே உள்ளதும் விற்றது. இந்த 2 லிட்டர் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மெட்ராஸுக்கு வரும்போது தேவைப்படும்.

அதே 1982-ல் வந்தது வைடெஸ். லூகாஸ் எலெக்ட்ரானிக் ஃப்யூயல் இன்ஜெக்ஷன், 190 குதிரைத்திறன், மணிக்கு 210 கிலோமீட்டருக்கு மேல். 'ஸ்போர்ட்ஸ் சலூன்' என்று சொல்ல முழுத் தகுதி உள்ள எஸ்டி1 இதுதான். 1983-ல் பிரிட்டிஷ் சலூன் கார் பந்தயத்தில் ஸ்டீவ் சோப்பர் ஓட்டிப் பட்டம் வென்றார். இன்ஜினிலும் உடம்பிலும் விதியை மீறிய மாற்றம் இருக்கிறது என்று வழக்குக் கிளம்பி, பட்டம் பறிபோனது. அடுத்த வருடம் ஆண்டி ரவுஸ் இதே வைடெஸில் பட்டத்தை ஜெயித்தார். 1986-ல் டாம் வாக்கின்ஷா அணியின் வின் பெர்சி ஐரோப்பியப் பட்டத்தை மயிரிழையில் பிஎம்டபிள்யூவிடம் விட்டார். அதே ஆண்டு ஜெர்மன் டூரிங் கார் பட்டத்தை டென்மார்க்காரர் குர்ட் தீம் ரோவர் வைடெஸில் வென்றார். பிஎம்டபிள்யூவும் மெர்சிடஸும் சொந்தம் கொண்டாடும் மண்ணில், தயாரிப்பு முடியப்போகும் ஒரு பிரிட்டிஷ் கார் பட்டம் வாங்கியது சாதாரண விஷயமா? அதை விளம்பரத்தில் முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளக்கூட ரோவருக்கு நேரமில்லை. அந்த ஆண்டே எஸ்டி1 போய், ஹோண்டாவோடு சேர்ந்து செய்த ரோவர் 800 வந்துவிட்டது.

சரி, அமெரிக்கா. ரோவருக்கு அங்கே இது முதல் முயற்சி இல்லை. அறுபதுகளில் பி6 போயிருந்தது. அதன் வி8 வகையை 3500எஸ் என்ற பெயரில், பானட்டில் மூன்று காற்றுக் குழிகளும், சாலையில் பனி உறையப்போவதை எச்சரிக்கும் 'ஐஸ்லெர்ட்' என்ற கருவியும் வைத்து விற்றார்கள். விலை அதிகம், சர்வீஸ் மோசம். 1971-ல் கடையைக் கட்டிக்கொண்டார்கள். ஒன்பது வருடம் ஊரிலேயே இல்லாமல் இருந்துவிட்டு, 1980-ல் எஸ்டி1-ஐ எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

அமெரிக்கச் சட்டம் அப்போது மூன்று இடங்களில் கை வைத்தது. ஹெட்லைட் குறிப்பிட்ட அளவுகளில் உள்ள சீல்டு பீம் (கண்ணாடியும் பல்பும் ஒன்றாக மூடிய விளக்கு) ஆகத்தான் இருக்க வேண்டும். ஆகவே மெலிந்து சாய்ந்த டேடோனாக் கண்கள் போய், நான்கு வட்ட விளக்குகள் வந்தன. மெல்ல இடித்தால் நசுங்கக் கூடாது என்ற விதிக்காகக் கனமான பம்பர்கள் வந்தன. புகைக் கட்டுப்பாட்டுக்காக கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்தது, சக்தியும் குறைந்தது. பாஷ் பாடுபட்டு வரைந்த முகம் காணாமல் போய்விட்டது. இன்ஜின் மட்டும் தப்பித்தது. ஆனால் அது அமெரிக்கர்களே பதினேழு வருடம் முன்பு தூக்கிப்போட்ட இன்ஜின்! சின்ன வி8 என்பதில் அவர்களுக்கு என்ன புதுமை இருக்கப்போகிறது? ஐரோப்பாவில் இந்தக் காரைத் தனியாக நிறுத்திய அம்சம் அமெரிக்காவில் பத்தோடு பதினொன்றாகிவிட்டது.

இதற்கு மேல் நேரமும் சரியில்லை. 1980-ல் பவுண்டின் மதிப்பு 2.40 டாலர் வரை ஏறியிருந்தது. பிரிட்டனில் செய்து டாலரில் விற்பவன் ஒவ்வொரு காருக்கும் கையைக் கடித்துக்கொள்ள வேண்டிய நிலை. எம்ஜியின் அபிங்டன் ஆலை அந்த அக்டோபரில்தான் மூடியது. அடுத்த ஆண்டு டிரையம்ஃப் டிஆர்7 ஸ்போர்ட்ஸ் காரும் நின்றது. அதே வி8 போட்ட டிஆர்8 அமெரிக்காவை நம்பியே செய்யப்பட்டது, அதுவும் சேர்ந்தே போனது. இரண்டாவது எண்ணெய் நெருக்கடி வேறு முடியவில்லை. 1981-ல் ரோவர் மறுபடி மூட்டை கட்டியது. அதுவரை விற்றது ஆயிரத்துச் சொச்சம் கார். உலகம் முழுவதற்கும் செய்தது மூன்று லட்சத்துக்கு மேல் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1987-ல் ரோவர் 800-ஐ அங்கே கொண்டுபோனபோது ரோவர் என்ற பெயரையே விட்டுவிட்டு 'ஸ்டெர்லிங்' என்று வைத்தார்கள். அதுவும் 1991-ல் முடிந்தது, அது தனிக் கதை.

தென்னாப்பிரிக்காவிலும் எஸ்டிஎக்ஸ் என்ற பெயரில் சில காலம் இதன் பாகங்களைப் பொருத்தி விற்றார்கள்.

இனி மெட்ராஸ். இங்கே நிறையப் பேருக்குக் குழப்பம் வரும் இடம் ஒன்று உண்டு. மெட்ராஸ் கம்பெனியின் பழைய உறவு ரோவரோடு இல்லை, இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியோடு. வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா ஐம்பதுகளில் வேன்கார்ட், டென் போன்ற கார்களைப் பாகங்களிலிருந்து பொருத்தியது. 1961-ல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. பிரிட்டனில் அது டிரையம்ஃப் ஹெரால்டு. அங்கே ஸ்டாண்டர்ட் என்ற பெயரே 1963-ல் மறைந்துவிட்டது, இங்கே இன்னும் கால் நூற்றாண்டு ஓடியது. ஹெரால்டுக்குப் பிறகு கெசல், அதுவும் 1977-ல் நின்றது. அப்புறம் பல வருடம் கார் இல்லை, வேன்தான். இதற்கிடையில் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் டிரையம்ஃபை லேலண்ட் வாங்கி, ரோவரையும் வாங்கி, எல்லாம் ஒரே குடும்பமாகிவிட்டன. அந்த வழியில்தான் ரோவரின் கார் பெருங்களத்தூருக்கு வந்து சேர்ந்தது.

1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 வெளியானபோது பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் நிறைந்த தெருவில் அப்படி ஒரு காரை நிறுத்தினால் கூட்டம் கூடாமல் என்ன செய்யும்? விலை இரண்டு லட்சத்துக்கு மேல். அதற்கு ஒன்றரை வருடம் முன்புதான் மாருதி 800 ஐம்பதாயிரத்தை ஒட்டிய விலையில் வந்திருந்தது.

பானட்டைத் திறந்தால்தான் விஷயம். உள்ளே இருந்தது 1,991 சிசி, நான்கு சிலிண்டர், சுமார் 83 குதிரைத்திறன். பிரிட்டனின் புதிய 2 லிட்டர் இன்ஜின் இல்லை இது. வேன்கார்ட் காருக்காக நாற்பதுகளில் பிறந்த ஸ்டாண்டர்ட் வெட் லைனர் (சிலிண்டருக்குள் தனியாகக் கழற்றக்கூடிய குழாய், அதைச் சுற்றித் தண்ணீர்) இன்ஜினின் வாரிசு. அந்தக் குடும்பத்து இன்ஜின்கள்தான் ஃபெர்குசன் டிராக்டரில் உழுதன, டிரையம்ஃப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரில் பந்தயமும் ஓடின. லேசில் சாகாது, லைனரைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம், எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்து மாட்டிவிடுவார். ஆனால் நீளமான ஸ்ட்ரோக், சுழல மனமில்லாத குணம், பெட்ரோல் தாகம் வேறு. அதோடு நான்கே கியர். நம் சாலைக்காகக் காரைத் தரையிலிருந்து உயர்த்தியதில் அந்தப் பதுங்கிய நிலையும் போயிற்று. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு ஏர் பிடிப்பது மாதிரி.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்று கம்பெனியைத் திட்டுவது சுலபம். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு, உள்நாட்டுப் பாகம் இவ்வளவு இருக்க வேண்டும் என்ற விதி, இறக்குமதிக்கு வரி என்று இருந்த காலம். சின்னக் கம்பெனி. ஏற்கெனவே தன் கையில் இருக்கிற இன்ஜினைப் போடாமல் வி8-க்கு எங்கே போவார்கள்? போயிருந்தாலும் அதற்குப் பெட்ரோல் ஊற்ற யார் இருந்தார்கள்? இதில் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு.

அப்படியும் அந்தச் சாக்கு முழுதாகச் செல்லாது என்று நினைக்கிறேன். காரணம், அதே காலத்தில் இதே நிலையில் இன்னும் இரண்டு கார்கள் இருந்தன. ஹிந்துஸ்தான் கான்டெசா, உடம்பு வாக்ஸால், இன்ஜின் அம்பாசிடரின் 1,489 சிசி. பிரீமியர் 118என்இ, உடம்பு ஃபியட் 124, இன்ஜின் நிஸானின் 1,171 சிசி. கான்டெசாவும் முதலில் இழுக்க முடியாமல் திணறிய வண்டிதான். ஆனால் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஜப்பானின் இசுஸுவைப் பிடித்து 1.8 லிட்டர் இன்ஜினை வாங்கிப் போட்டது. கார் 2002 வரை ஓடியது. 118என்இயும் தொண்ணூறுகள் முழுக்க ஓடியது. பழைய ஐரோப்பிய உடம்பு, ஜப்பான் இன்ஜின் என்பது அன்றைக்கு வேலை செய்த வழி. ஸ்டாண்டர்ட் கம்பெனி அந்த வழியில் போகவில்லை. பிரிட்டனில் 2 லிட்டர் எஸ்டி1 விற்றதே என்று யாராவது கேட்டால், அது 1982-ல் இருந்த நடப்பு இன்ஜின், ஐந்து கியரோடு. சிசி ஒன்றாக இருந்தால் போதாது.

1988-ல் ஸ்டாண்டர்ட் 2000 நின்றது, கம்பெனியின் கார் வரலாறும் அதோடு முடிந்தது. ஆலையில் தேங்கிக் கிடந்த எஸ்டி1 உதிரிபாகங்களைப் பின்னாளில் வாங்கிக்கொண்டு போனது பிரிட்டனில் உள்ள பழைய கார் உதிரிபாக வியாபாரிதான். பல பாகங்கள் அங்கே கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது.

கடைசியாக, ஸ்டாண்டர்ட் 2000 ஒன்று விலைக்கு வந்தால் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக ஒரு சேர்க்கை. உடம்புதான் முக்கியம். கதவின் கீழ் விளிம்பு, சக்கர வளைவு, பின்கதவின் கண்ணாடி ஓரம், தரைத்தகடு இந்த நான்கையும் லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். துரு தின்றிருந்தால் விட்டுவிடுங்கள், தகடு வேலைக்கே காரின் விலையைத் தாண்டிவிடும். டேஷ்போர்டும் உள் பிளாஸ்டிக்கும் வெயிலில் வெடித்திருக்கும். அவற்றுக்கு இங்கிலாந்தின் எஸ்டி1 ஆட்களைத்தான் கேட்க வேண்டும், கப்பல் கூலியையும் சுங்கத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் பயப்பட வேண்டிய விஷயமே இல்லை. பிஸ்டன், லைனர் போன்றவற்றுக்கு டிஆர்2, டிஆர்3 உதிரிபாகம் விற்பவர்களிடம் அளவைக் கொடுத்துப் பொருத்தம் கேட்கலாம். பானட்டுக்குள் காலியாகக் கிடக்கும் அந்த இடத்தில் ரேஞ்ச் ரோவர் வி8 ஒன்றை இறக்கிவிடலாமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். இறங்கும், அதற்காகவே செய்த இடம்தானே. பிரேக், கியர்பாக்ஸ், கூலிங் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஆர்டிஓவில் இன்ஜின் நம்பரை மாற்றிப் பதியவும் வேண்டும். அந்த இரண்டாவது வேலையை முதலில் விசாரித்துவிட்டு, அப்புறம் இன்ஜின் தேடுங்கள்.